ஊத்துக்குக் கீழே விழுந்த மரம்

கொடைக்கானல் மலையில் அதிகமாக மரம் விழுந்த இடம் எது என்று யாராவது கேட்டால், மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊருக்குக் கீழே மூன்றாவது வளைவு என்று யோசிக்காமல் சொல்வேன். நான் மலைமேல் ஒரு மண்டி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே வாரம் ஒரு மரமாவது சாய்ந்து டெலிபோன் கம்பியை அறுத்துவிடும். அந்தக் கணக்குக்கு அங்கே ஒரு குச்சிகூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் அந்த வழியாக லாரியில் இறங்கியவர்கள் யாரும் ஒரு கிளை கிடந்ததாகக்கூடச் சொன்னதில்லை. அத்தனை மரமும் எங்கள் போர்டம்மாவின் வாயில் முளைத்து, வாயிலேயே விழுந்தவை.

போர்டம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். டெலிபோன் போர்டில் உட்கார்ந்ததால் போர்டம்மா. எனக்கு மட்டும் அக்கா.

எங்கள் முதலாளி ஒரு ராவுத்தர். பஜாரில் சின்னக் கடையாகத் தொடங்கி, உருளைக்கிழங்கும் பூண்டும் பேரிக்காயும் வாங்கி மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் அனுப்புகிற மண்டியாக வளர்த்தவர். ஆபீஸ் ஒரு பக்கம், கிடங்கு ஒரு பக்கம், லாரி ஷெட் ஒரு பக்கம், வீடு மேட்டில். ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல் ஒன்று யுத்தத்தில் மூடிப்போய், சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்காலி வாங்கப் போன முதலாளி டெலிபோன் போர்டை வாங்கிக்கொண்டு வந்தார். வந்த பிறகுதான் அதை யார் இயக்குவது என்ற கேள்வி எழுந்தது. ஹோட்டலில் அதை இயக்கிக்கொண்டிருந்த அம்மாளைத் தேடி ஆள் போனது. ஊர் எக்ஸ்சேஞ்சில் வேலை கேட்டதற்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். அவர் வீட்டில் பேரிக்காய்க்கு உப்பு தடவித் தின்றுகொண்டிருந்தார். மறுநாள் வெள்ளனே, சேலைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டரும் தலையில் ஒரு கம்பளிக் குல்லாவுமாக வந்து போர்டின் முன் உட்கார்ந்தார். குல்லாவைக் கழற்றிவிட்டுத்தான் ஹெட்போன் மாட்ட முடியும். கழற்றுவதற்கு அவருக்கு மனசே வராது.

போர்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பித்தளை மூடி. அறையில் இருப்பவர் டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றினால் அந்த அறையின் மூடி டக்கென்று கீழே விழும். அக்கா ஒயரைச் சொருகி என்ன வேண்டும் என்று கேட்பார். ஆபீசை விட்டு வெளியே போக இரண்டு லைன். ஒன்று ஊருக்குள் பேசுவதற்கு. அது மேல் லைன். மற்றது மலையிறங்கி மதுரை, பழனி என்று போவது; அது கீழ் லைன். அதற்குப் போஸ்ட் ஆபீசில் டிரங்க் கால் புக் பண்ணிக் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஹோட்டல்காரர்கள் பித்தளைத் தகட்டில் பெயர் அடித்து முடுக்கியிருந்தார்கள். அந்தத் திருகாணி எந்த ஆயுதத்துக்கும் அசையவில்லை. ஆகவே கணக்கர் அறை டைனிங் ஹால் ஆயிற்று. கிடங்கு பாத்ரூம். எண்ணெயும் கரியுமாக ஆறு தடியன்கள் வேலை பார்த்த லாரி ஷெட்டுக்கு லேடீஸ் பார்லர் என்று பெயர். முதலாளியின் அறைக்கு பில்லியர்ட்ஸ்.

"பில்லியர்ட்ஸ் கூப்பிடுது, இருங்க" என்று அக்கா ஒருநாள் யாரிடமோ சொன்னது முதலாளியின் காதில் விழுந்துவிட்டது.

"ஏம்மா, ஊரே என்னைய ராவுத்தர்னு மரியாதையாக் கூப்பிடுது. நீ என்னமோ பில்லியர்ட்ஸுங்கிற? அப்பிடின்னா என்ன?"

"பச்சைத் துணி விரிச்ச மேசைங்க. குச்சிய வச்சுப் பந்த இடிப்பாங்க."

"அது யாவாரம் பண்ணுமா?"

"பண்ணாதுங்க."

"அப்ப அந்தப் பேரை எடுத்துரு."

எடுக்க முடியவில்லை. முதலாளி வெகுநாள் அந்தப் பித்தளைத் தகட்டை முறைத்துக்கொண்டுதான் போர்டைத் தாண்டிப் போவார்.

யாருக்கு எந்த லைன் என்று முதலாளி ஒரு நோட்டீஸ் சொல்ல, நான் டைப் அடித்தேன். கிடங்குக்கும் ஷெட்டுக்கும் மேல் லைன் மட்டும். கணக்கருக்குக் கீழ் லைன் உண்டு, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு. முதலாளிக்கு எந்த லைனும், எந்த நேரமும், அடுத்தவர் பேச்சை அறுத்தாவது கொடுக்க வேண்டும். அக்கா அந்த நோட்டீசைப் பக்தியோடு வாங்கி, போர்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். பிறகு அதே ஆணியில் தன் குல்லாவை மாட்டினார். குல்லா பெரியது, நோட்டீஸ் முழுக்க மறைந்துவிட்டது.

அவரிடம் வேறொரு சட்டம் இருந்தது. கோபமாகக் கேட்பவனுக்குக் கீழ் லைன் கிடையாது. அவ்வளவுதான். அதில் முதலாளி, கணக்கர், கிளீனர் என்ற பேதமே இல்லை.

கோபத்தை அவர் குரலில் பார்ப்பதில்லை, கைப்பிடி சுற்றுவதிலேயே கண்டுபிடித்துவிடுவார். மூடி மெதுவாக விழுந்தால் சாதாரண சோலி. விழுந்த பிறகும் ஆட்டுக்கல்லில் மாவாட்டுகிற மாதிரி கடகடவென்று மணி ஓடிக்கொண்டிருந்தால், "டைனிங் ஹாலுக்கு இன்னைக்கு யாரையோ தின்னணும் போலருக்கு" என்பார். ஒயரைச் சொருகுவார். "புக் பண்ணிட்டேன், காத்திருங்க" என்று தேன் மாதிரி சொல்வார். புக் பண்ணியிருக்க மாட்டார். பையிலிருந்து நீலக் கம்பளி நூலும் ஊசியும் எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிடுவார். ஒரு சாண் பின்னி முடித்து, "இன்னும் வேணுமாங்க?" என்று கேட்பார். பத்தில் எட்டுப் பேர் "இல்லை விடுங்க" என்றுதான் சொன்னார்கள். மீதி இரண்டு பேருக்காகத்தான் ஊத்துக்குக் கீழே மரம் விழுந்தது.

அந்த நீல ஸ்வெட்டர் முழுக்க எங்கள் ஆபீசின் கோபம்தான். முதுகு கணக்கருடையது, மதுரைக் கமிஷன் ஏஜெண்டோடு அவருக்கு ஓயாத சண்டை. இடது கை லேடீஸ் பார்லர். கழுத்துப் பட்டையில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. திண்டுக்கல்லில் ஒரு குமாஸ்தா என் இங்கிலீஷைப் பார்த்து, மலையில் குரங்குக்கும் டைப்ரைட்டர் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டானாம். அவனுக்குப் பதில் சொல்லாமல் உயிர் தரிக்க மாட்டேன் என்று நின்றேன். "மரம் கெடக்கு தம்பி" என்றார் அக்கா, கண் இமைக்காமல். இப்போதும் அந்தப் பதிலைச் சொல்லாமல்தான் உயிரோடு இருக்கிறேன்.

ஆனால் அவசரமென்று வந்தவனை அவர் ஒரு நிமிடம் நிறுத்தியதில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் ஒருவன், மனைவி பெரியகுளம் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் கிடக்கிறாள் என்று வாசலில் தயங்கி நின்றான். முதலாளி அப்போது கீழ் லைனில் பூண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். அக்கா பாதி வாக்கியத்தில் பூண்டைப் பிடுங்கிவிட்டு அவனைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்தது. முதலாளி கத்திக்கொண்டே வந்தார். விஷயம் கேட்டதும் கத்தலை விட்டுவிட்டு ஒரு கூடை பேரிக்காய் அனுப்பச் சொன்னார். அவர் அப்படித்தான். வேகமாகக் கொதிப்பார், வேகமாக ஆறுவார். கொதிக்கிற நேரத்தில் பக்கத்தில் டெலிபோன் மட்டும் இருக்கக் கூடாது.

ஏன் இந்த மரம் சாய்க்கிற வேலை உங்களுக்கு என்று ஒருநாள் கேட்டேன். பேரிக்காயைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"ஹோட்டல்ல இருந்தப்ப ஒரு வெள்ளைக்காரரு தம்பி. நல்ல மனுசன், எனக்கு தினமும் குட்மார்னிங் சொல்லுவாரு. ஒருநா கைப்பிடிய ஒடச்சிடற மாதிரி சுத்துனாரு. அவரோட தம்பி மெட்ராஸ்ல. வெரசா லைன் போட்டுக் குடுத்தேன், அன்னைக்குன்னு பாத்து உடனே கெடச்சிருச்சு. மூணு நிமிசம் கத்துனாரு. வச்சுட்டாரு. அப்புறம் எங்கிட்ட வந்து நின்னு, மேடம், அந்தக் காலைத் திரும்ப எடுக்க முடியுமான்னாரு. போன கால் வராதுங்க சார்னேன். மறுபடி புக் பண்ணேன். தம்பி எடுக்கவே இல்ல. மனுசன் சீசன் முடியிற மட்டும் தினமும் வந்து நின்னாரு."

பேரிக்காய்க் காம்பை வீசிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதுவரை அவருடைய மரங்களை நினைத்துச் சிரித்தவன், அன்று முதல் சிரித்தாலும் கொஞ்சம் பார்த்துத்தான் சிரித்தேன்.

அவர் கணிப்பு எப்போதும் சரி என்று சொல்லிவிட முடியாது. ஒரு தடவை கணக்கரின் கோபம் நியாயமான கோபம். மதுரை ஏஜெண்டு எங்கள் கிழங்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப் போகிறான் என்று தெரிந்து, நிறுத்தச் சொல்லத்தான் அவர் கைப்பிடியை அப்படிச் சுற்றினார். அக்கா வழக்கம்போல மரத்தைச் சாய்த்தார். கணக்கர் ஆறி முடிப்பதற்குள் கிழங்கு விற்றாகிவிட்டது. முதலாளிக்கு விஷயம் முழுதும் தெரிந்தது அன்றுதான். இத்தனை நாள் விழுந்த மரமெல்லாம் என்ன மரம் என்று யோசித்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. போர்டின் முன் வந்து நின்றார்.

"இனிமே அங்க ஒரு மரம் விழுந்துச்சுன்னா, நீயும் வீட்டுக்குப் போகணும்மா. சொல்லிட்டேன்."

"சரிங்க முதலாளி" என்றார் அக்கா. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அந்த வளைவில் காற்றுகூட அடிக்கவில்லை. எல்லோருக்கும் கேட்டவுடன் லைன் கிடைத்தது. ஆபீசே சண்டைக்காடாக ஆனது. நீல ஸ்வெட்டர் ஒரு கையோடு பைக்குள் கிடந்தது.

அப்போதுதான் முதலாளியின் மகள் ஜமீலாவுக்குப் பழனியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. நல்ல இடம். ஜமீலாவுக்கும் பிடித்திருந்தது என்பதை, வீட்டிலிருந்து ஆபீசுக்கு அவள் பேசும்போது அத்தாவிடம் எதற்கும் சண்டை பிடிக்காததை வைத்தே அக்கா சொல்லிவிட்டார். பெண் வீட்டில் கல்யாணம் என்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் மலையேறி வர வேண்டும். தேதி நெருங்கும்போது பழனியிலிருந்து ஒருவர் செய்தி கொண்டுவந்தார். மலைப்பாதை தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது, பெண்ணைக் கீழே அழைத்து வந்தால் கல்யாணத்தைப் பழனியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாராம் சம்பந்தி.

பில்லியர்ட்ஸ் மூடி விழுந்தது. விழுந்த பிறகும் மணி ஓடியது. அன்றைக்கு ஓடிய மாதிரி நான் கேட்டதே இல்லை. கைப்பிடி கழன்று கையோடு வந்துவிடும் என்று நினைத்தேன்.

"பழனி குடு! என் வீட்டு வாசல் ஏற மாட்டானாமா அவன்? சம்பந்தமும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு இப்பவே சொல்லணும். வெரசா குடு!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். வேண்டாம் அக்கா, வேலை போய்விடும் என்று. அவர் ஹெட்போனைச் சரி பண்ணிக்கொண்டார்.

"ஊத்துக்குக் கீழ மரம் விழுந்து கெடக்குங்க, முதலாளி."

முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்தார்.

"எந்த வளைவு?"

"மூணாவதுங்க."

"என்ன மரம்?"

"யூகலிப்டஸுங்க."

"நான் போயிப் பாக்குறேன். மரம் இல்லேன்னா, நான் வரும்போது நீ அந்த நாக்காலியில இருக்கக் கூடாது. ஏலே சுருளி, வண்டிய எடு!"

பத்து எட்டு நடந்தால் போஸ்ட் ஆபீஸ். கீழ் லைன் இருக்கிறதா என்று அங்கே கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டுச் சண்டையைப் போஸ்ட் ஆபீசுக்குக் கொண்டுபோக அவருக்கு விருப்பமில்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற வெறி வேறு. பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த காலம்; இல்லாத ஒரு மரத்தைப் பார்க்க அந்த மாதக் கூப்பனை எரித்துக்கொண்டு கார் இறங்கியது.

லேடீஸ் பார்லரிலிருந்து இரண்டு பேர் கோடாலியோடு வந்தார்கள். குறுக்குப் பாதையில் ஓடினால் காருக்கு முன்னால் போய் ஒரு மரத்தைச் சாய்த்துவிடலாமாம்.

"போங்கடா" என்றார் அக்கா. "பொய் சொன்னது நான். மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

கணக்கர்கூட வந்து நின்றார். கிழங்கு விவகாரத்துக்குப் பிறகு அக்காவோடு பேசாமலிருந்தவர். "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்கம்மா, நான் பேசிப் பாக்குறேன்" என்றார்.

"எதுக்குங்க? நாளைக்கு அவரு அதே மாதிரி சுத்துனா, நான் இதே மரத்தைத்தான சொல்லப் போறேன்."

பித்தளை டம்ளர், பேரிக்காய் வெட்டும் கத்தி, உட்காரும் மெத்தை எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தார். பிறகு ஸ்வெட்டரை வெளியே எடுத்துப் பாதியில் நின்ற வலது கையைப் பின்ன ஆரம்பித்தார். கண்ணிக்குக் கண்ணி நூலை இறுக்கி இழுத்தார். அவர் அப்படி இறுக்கிப் பின்னி நான் அன்றுதான் பார்த்தேன். இந்த ஊரில் இன்னொரு போர்டு கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கார் திரும்பி வரும்போது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி இறங்கினார். காலையில் சிவந்திருந்த முகம் வெந்த சௌசௌ நிறத்தில் இருந்தது. தொப்பி கையில், சட்டை நனைந்திருந்தது. நேராகப் போர்டின் முன் வந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அக்காவும் பையோடு எழுந்து நின்றார்.

"பாத்தேன்மா" என்றார் முதலாளி. "பெரிய மரம்."

கையிலிருந்த தொப்பியை உதறினார்.

"குறுக்காட்டிக் கெடக்கு. இந்தத் தண்டிக்கு மரத்த நான் பாத்ததில்ல. கீழ் லைன் ரெண்டு நாளைக்கு ஆவாது."

அந்த நிமிடம் பார்த்து, போர்டில் ஒரு மூடி டக்கென்று விழுந்தது. கீழ் லைன். மதுரையிலிருந்து யாரோ நல்ல கம்பியில், நல்ல மணியாக அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூடியைப் பார்த்தோம். அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"காத்துக்கு விழுகுது. மூடி வையி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிரைவர் சுருளியைச் சூழ்ந்துகொண்டோம். "வளைவுல ஒரு மரமும் விழலண்ணே, அம்புட்டும் நட்டமா நிக்கிது. ஆனா முதலாளி அதப் பாக்குற நெலமையிலயா இருந்தாரு? மொத வளைவுலயே மொகம் வெளுத்துருச்சு. பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள நாலு எடத்துல வண்டிய நிறுத்தச் சொல்லிட்டாரு. ஊத்துக்குப் போறப்ப வயித்துல ஒண்ணும் மிச்சமில்ல, யா அல்லான்னு கல்லு மேல சாஞ்சுட்டாரு." மலையை விட்டு முதலாளி இறங்கி எத்தனையோ வருஷமாகிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே ஆயிரம் சோலி இருந்தும் எல்லாவற்றையும் டெலிபோனிலேயே முடித்தாரே, அந்தப் போர்டை ஏன் வாங்கினார் என்பதும் புரிந்தது.

கல்லில் சாய்ந்தபடி முதலாளி கேட்டாராம்: "ஏலே, கீழருந்து ஏறி வர்றவங்களுக்கும் இப்பிடித்தான் இருக்குமா?"

"ஏறுறது இன்னும் மோசமுங்க" என்றானாம் சுருளி.

"சம்பந்தியம்மா நோயாளி. அந்தம்மா தாங்குமா?"

"முதலாளியே தாங்கலியேங்க."

திரும்பி ஏறும் வழியில் வண்டியை நிறுத்திய இடங்களைச் சுருளி எண்ணவில்லையாம்.

இரண்டு நாள் கழித்து பில்லியர்ட்ஸ் மூடி, பூ உதிர்கிற மாதிரி விழுந்தது. "மரத்த எடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டார் முதலாளி. "இப்பத்தான் எடுத்தாங்க" என்றார் அக்கா. பழனி கிடைத்தது. மலைக்குக் கீழே வத்தலக்குண்டு வரைக்கும் நான் பொண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கி வருகிறேன், பந்தலும் சோறும் என்னுடையது, நீங்கள் ஒரு வளைவுகூட ஏற வேண்டாம் என்று முதலாளி சொன்னார். அந்தப் பக்கத்தில் சம்பந்தி அழுதாராம். அக்கா கேட்கக் கூடாதுதான், கேட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் முதலாளி ஒன்றும் சாப்பிடாமல், இரண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே மலையிறங்கினார். வத்தலக்குண்டு வெயிலில் அக்கா, தான் பின்னி முடித்துக் கொண்டுவந்த நீல ஸ்வெட்டரை மாப்பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்தார். வலது கை மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

கல்யாணம் முடிந்து வந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு நோட்டீசைப் புதிதாக டைப் அடிக்கச் சொன்னார். மற்றதெல்லாம் பழையபடியே. கடைசி வரி மட்டும் மாறியது: "முதலாளி கீழ் லைன் கேட்டால், ஊத்துக்குக் கீழே மரம் விழுந்து கிடக்கிறதா என்று போர்டம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுக்க வேண்டும்." அவர் அதை வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டு, தானே கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

அக்கா எழுந்து நின்று படித்தார். வெகுநேரம் படித்தார். பிறகு குல்லாவைப் பக்கத்தில் வேறொரு ஆணி அடித்து அதில் மாட்டினார். அப்படி என்ன இருக்கிறது என்று நானும் போய்ப் பார்த்தேன். நான் அடித்ததற்குக் கீழே, முதலாளி தன் கோணல் கையெழுத்தில் எழுதியிருந்தார்: இப்படிக்கு, பில்லியர்ட்ஸ்.